வெள்ளைக்கோட்டு ரோடு

ஜூன் 5, திங்கள்

காலை பத்து மணிக்கு நகராட்சி ஆள் ஒருவன் எங்கள் கேட்டில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனான். ஒட்டலாமா என்று கேட்கவில்லை. போன மாதம்தான் பெயிண்ட் அடித்தேன். பசை அதன் மேல் கம்பி கம்பியாக வழிந்திருந்தது.

நோட்டீஸின் சாரம்: ஆங்கிலேயர் பெயரில் உள்ள எட்டுத் தெருக்களுக்கும் சாலைகளுக்கும் தமிழ்ப் பெயர் வைக்க ஆனைப்பாறை நகர்மன்றம் உத்தேசித்திருக்கிறது. ஆட்சேபனை உள்ளவர்கள் எழுத்தில் தரலாம். இருபதாம் தேதிக் கூட்டத்தில் நேரிலும் சொல்லலாம். பட்டியலில் ஐந்தாவது எங்களுடையது. வெல்லகாட் ரோடு இனி மலர்ச்சோலைச் சாலை.

இந்த ரோட்டில் மலரும் இல்லை, சோலையும் இல்லை. ஒரு டயர் கடை, ஒரு கோழிக்கடை, மூன்று பல் மருத்துவர்கள், நான்.

மாடத்தி நோட்டீஸைச் சுரண்டிக்கொண்டே கேட்டாள். "பேரு மாறிட்டா நீங்க இருக்கிய வீடு மாறிருமாம்மா?"

"வீடு மாறாது. பெயர்தான்."

"பேருதான? போவுது விடுங்க. எங்க தெருவுக்குப் பேரே கெடையாது, நாங்க நல்லாத்தான இருக்கோம்."

அவளுக்கு எப்படிச் சொல்வது? எனக்கு எண்பது வயது. ஐம்பத்தெட்டு வருஷமாக நான் திருமதி ஹெப்சிபா வெல்லகாட். என் கணவர் நத்தானியேல் வெல்லகாட் இந்த ரோட்டில் பிறந்து, ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இந்த ரோட்டிலேயே இறந்தார். பெயரை எடுக்கிறவர்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

ஆட்சேபனை எழுதுவேன்.

ஜூன் 6, செவ்வாய்

எழுத ஆரம்பித்தேன். முதல் பத்தி சரியாக வரவில்லை. சமையல் வாயுக்காரன் வந்தான். இரண்டு சிலிண்டரையும் எடை போட்டுத்தான் வாங்கினேன்.

ஜூன் 9, வெள்ளி

ஆணையரின் அலுவலகத்திலிருந்து போன். இந்தப் பெயரில் இந்த ஊரில் யார் யார், எந்தெந்த இடங்கள் என்று ஒரு குறிப்பு தந்தால் கூட்டத்துக்கு உதவும் என்றார்கள். அது முறையான பேச்சு. மாலையே உட்கார்ந்து எழுதி, ஆட்சேபனையோடு சேர்த்து அனுப்பிவிட்டேன்.

காப்டன் வெல்லகாட். நில அளவை அதிகாரி. மலையை அளந்து வரைபடம் போட்டவர். அவர் நின்று அளந்த இடம் வெல்லகாட் பாறை. இப்போது காதலர்கள் பெயர் கிறுக்கும் இடம். அவர் வசித்தது வெல்லகாட் பங்களா. இப்போது மின்வாரிய அலுவலகம். வாய்க்கால் தொடங்கும் இடத்தில் வெல்லகாட் மதகு. அவருடைய மனைவி ஹாரியட் வெல்லகாட், பெரிய பஞ்சத்தின்போது குழந்தைகள் விடுதி நடத்தியவர். கல்லறை சர்ச்சுக்குப் பின்னால், எழுத்து அழிந்துவிட்டது. பொறியாளர் நத்தானியேல் வெல்லகாட், பொதுப்பணித் துறை, என் கணவர். ஏ. வெல்லகாட், சுகாதாரத் துறை, அவர் தகப்பனார்.

ஒரு பக்கத்தில் அடங்கிவிட்டது. கீழே ஒரு குறிப்பும் சேர்த்தேன்: ஆங்கிலத்தில் பெயருக்கு இரண்டு எல், இரண்டு டி, தமிழில் 'வெல்லகாட்' என்று மட்டுமே எழுத வேண்டும். ஊர்ச் சனங்கள் சொல்கிற 'வெள்ளைக்கோட்டு' பிழை. யாரோ ஒரு டாக்டர் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு இந்த ரோட்டில் நடந்தாராம். அப்படி எவரும் நடக்கவில்லை. பெயர் வாயில் நுழையாதவர்கள் ஒரு கோட்டைத் தைத்து மாட்டிவிட்டார்கள்.

ஜூன் 11, ஞாயிறு

ஆராதனை. பிரசங்கம் நாற்பத்தைந்து நிமிஷம், விஷயம் ஐந்து நிமிஷம்.

ஜூன் 12, திங்கள்

இசக்கியம்மாள் வந்தாள். எங்கள் வார்டு கவுன்சிலர். பஸ் ஸ்டாண்டு பக்கம் தையல் கடை வைத்திருக்கிறாள். என் ரவிக்கைகளை இருபது வருஷமாக அவள்தான் தைக்கிறாள். கை வேலை சுத்தம். பெயர் மாற்றத் தீர்மானத்தைக் கொண்டு வந்ததும் அவள்தான் என்பது இன்றைக்குத்தான் தெரியும்.

"கோவமா இருக்கியளாம்மா?"

"உட்கார். தண்ணீர் குடி. கோபம் பிறகு."

சிரித்தாள். பையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் கட்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

"உங்க ஆட்சேபனையைப் படிச்சேன். இது வெறும் துரை பேரு இல்ல, இந்த ஊர்க்காரக் குடும்பத்துப் பேருன்னு எழுதியிருக்கிய. சரின்னுதான் நெனச்சேன். தளவாய் சார் இதக் கொண்டாந்து குடுத்தாரு."

தளவாய் ஓய்வு பெற்ற சரித்திரப் பேராசிரியர். பழைய காகிதம் எங்கே கிடைத்தாலும் எலி மாதிரி இழுத்துக்கொண்டு போவார்.

முதல் பக்கத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. நான் படித்த கான்வென்ட்டின் வெள்ளிவிழா மலர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது. நாலு பக்கக் கட்டுரை, ஆங்கிலத்தில். தலைப்பின் கீழே என் பெயர்.

"எனக்கு இங்கிலீசு அவ்வளவா வராது. சார் வாசிச்சுச் சொன்னாரு. உங்க வீட்டுக்காரர் காப்டன் துரையோட பேரனுக்கு மகன்னு எழுதியிருக்கியளாம். ரோடும் அந்தத் துரை நெனவாத்தான்னு இருக்காம். அப்ப அது துரை பேருதானம்மா? நீங்களே எழுதிக் குடுத்துட்டு, இப்ப நீங்களே இல்லங்கியளே?"

நான் கண்ணாடியைத் துடைத்தேன்.

"கட்டுரையில் இலக்கணம் சரியாக இருக்கிறதா என்று கேட்டாயா அவரிடம்?"

"அம்மா, வெளையாடாதிய. மன்றத்துல இதத்தான் வாசிப்பாவ. ஒங்களச் சங்கடப்படுத்த எனக்கு மனசில்ல. ஆட்சேபனைய வாபஸ் வாங்கிட்டியன்னா வாசிக்க வேண்டியதே வராது. அதச் சொல்லத்தான் வந்தேன்."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். அதுதான் எரிச்சல்.

"இருபதாம் தேதி எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன்.

"பதினோரு மணி."

"வருகிறேன்."

ஜூன் 13, செவ்வாய்

வாழைக்காய்ப் பொரியல். உப்பு இல்லை. மாடத்தி போட்டதாகச் சாதிக்கிறாள்.

ஜூன் 15, வியாழன்

ஜெராக்ஸை மூன்று நாள் மேசையிலேயே விட்டிருந்தேன். இன்றைக்கு வாசித்தேன். இருபத்தாறு வயதில் எழுதியது. நன்றாகவே எழுதியிருக்கிறேன். 'எங்கள் இல்லத்தின் கூடத்தில் காப்டனின் தொலைநோக்கி இன்னும் இருக்கிறது' என்று ஒரு வரி. எங்கள் வீட்டில் எந்தத் தொலைநோக்கியும் இருந்ததில்லை.

இங்கே எழுதி வைக்கிறேன், ஒரு தடவையாவது சரியாக.

காப்டனுக்குப் பிள்ளை கிடையாது. பஞ்சத்தில் ஹாரியட் துரைசானி எடுத்து வளர்த்த பையன்களுக்குத் தகப்பன் பெயர் தெரியவில்லை. பதிவேட்டில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட முடியாது. துரைசானி எல்லாருக்கும் தன் வீட்டுப் பெயரை எழுதிவிட்டார். முப்பத்தொரு பையன்கள், முப்பத்தொரு வெல்லகாட். மற்றவர்கள் வளர்ந்ததும் அதை விட்டுவிட்டார்கள். ஒருவர் வைத்துக்கொண்டார். அவருடைய மகன்தான் என் மாமனார் ஏசடியான்.

மாமனார் நகராட்சி ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். மருந்து கலக்குவார், வீடு வீடாகப் போய் அம்மை குத்துவார். காக்கி அரைக்கைச் சட்டை, சைக்கிள், கேரியரில் ஒரு தகரப் பெட்டி. 'சுகாதாரத் துறை' என்று போன வாரம் நான் எழுதினேனே, அது இதுதான்.

ரோடு அவர் பெயர். காப்டன் காலத்தில் இந்த ரோடே கிடையாது, பனங்காடு. அம்மை குத்த வேண்டும் என்றால் வெள்ளக்கோட்டு வீட்டுக்குப் போ என்பார்கள். போகிற பாதை வெள்ளக்கோட்டுப் பாதை. பிறகு தார் போட்டார்கள். நகராட்சியில் யாரோ படித்தவர் அதைத் திருத்தி வெல்லகாட் ரோடு என்று பலகை வைத்தார்.

நான் பாளையங்கோட்டை வக்கீல் வீட்டுப் பெண். எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது பெயரைக் கேட்டுவிட்டு எங்கள் சித்தி, "ஆங்கிலோ இந்தியனா?" என்றாள். இல்லை என்று அப்பா சொல்லவில்லை. நானும் பிறகு யாரிடமும் இல்லை என்று சொல்லவில்லை. என்னோடு படித்தவர்கள் டாக்டர்களையும் கலெக்டர்களையும் கட்டியிருந்தார்கள். மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். கொடுத்தேன்.

மாமனார் அப்போது உயிரோடு இருந்தார். இதே கூடத்தில் உட்கார்ந்து நாலு பக்கத்தையும் விரலை வைத்து வாசித்தார். மருந்துச் சீட்டு வாசித்துப் பழகியவருக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரியும். வாசித்து முடித்து மலரை மூடி, அட்டையைத் தடவி, என்னிடம் கொடுத்தார்.

"ஒரு ஸ்பெல்லிங்கூட தப்பு இல்லம்மா" என்றார்.

ஜூன் 17, சனி

ஜாய்ஸுக்கு நானே போன் போட்டேன். என் ஒரே மகள், கனடாவில் இருக்கிறாள். சனிக்கிழமை அவள்தான் பேசுவாள். நான் போட்டதும் பயந்துவிட்டாள்.

"என்னம்மா, உடம்புக்கு ஏதும்?"

"உடம்பு சரியாக இருக்கிறது. குறுக்கே பேசாமல் கேள்."

கேட்டாள். காப்டன் நம் முப்பாட்டன் இல்லை என்றேன். ஹாரியட்டின் பதிவேடு, தாத்தாவின் தகரப் பெட்டி, எல்லாம் சொன்னேன். செவ்வாய்க்கிழமை நகர்மன்றத்தில் எழுந்து இதைச் சொல்லப் போகிறேன், நாளை யாராவது உனக்கு அனுப்பி நீ முதல் முதலாகத் தெரிந்துகொள்ளக் கூடாது என்றேன்.

அவள் எங்கோ ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"அம்மா, எங்களுக்குத் தெரியும்மா."

"எது?"

"எல்லாம். எனக்குப் பத்து வயசு இருக்கும்போதே அப்பா சொல்லிட்டாங்க. மதகுக்குக் கூட்டிட்டுப் போயிருந்தப்போ. தாத்தா கம்பவுண்டர், கொள்ளுத்தாத்தா பஞ்சத்துப் பிள்ளைன்னு."

"என்னிடம் நீ ஒரு நாளும் சொல்லவில்லையே?"

"அப்பாதான் சொல்லாதேன்னாங்க. 'உங்கம்மா அதை ஆசையா வச்சிருக்கா, இருந்துட்டுப் போட்டும்'னு."

போனை வைத்துவிட்டேன். நாற்பத்தைந்து வருஷம்! வீட்டுக்கு வந்தவர்களிடம் நான் காப்டன் கதை சொல்லும்போதெல்லாம் இரண்டு பேரும் காபி குடித்துக்கொண்டு தலையாட்டியிருக்கிறார்கள். என்னைச் சின்னப் பிள்ளை மாதிரி நடத்தியிருக்கிறார் மனுஷர். இருந்திருந்தால் இன்றைக்கு நன்றாகக் கேட்டிருப்பேன்.

கூடத்தில் மாட்டியிருக்கும் அவர் படத்தைத் துடைக்கவில்லை இன்று.

ஜூன் 18, ஞாயிறு

துடைத்தேன்.

ஜூன் 20, செவ்வாய்

சாம்பல் நிறக் கைத்தறிப் புடவை, கறுப்புச் செருப்பு. ஆட்டோ. பத்தே முக்காலுக்குப் போய்விட்டேன். கூட்டம் பதினொன்றரைக்குத்தான் தொடங்கியது.

முதல் நாலு தெருக்களும் சண்டை இல்லாமல் முடிந்தன. ஐந்தாவது வந்ததும் தளவாய் எழுந்து என் கட்டுரையை வாசித்தார். ஆங்கிலத்தில் ஒரு பத்தி, தமிழில் ஒரு பத்தி. உச்சரிப்பு மோசம். தொலைநோக்கி வரியில் சிலர் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

தலைவர், "அம்மா, உக்காந்தே பேசுங்க" என்றார்.

"நின்றுதான் பேசுவேன்" என்றேன். "பேராசிரியர் வாசித்தது நான் எழுதியதுதான். அதில் என் பெயரும் தேதியும் தவிர எதுவும் உண்மை இல்லை."

அதற்குப் பிறகு பதினைந்தாம் தேதி இங்கே எழுதியதை அங்கே சொன்னேன்.

தளவாய் விடவில்லை. "மேடம், அப்போ ஏன் அப்படி எழுதுனீங்க?"

"பெருமைக்கு."

குறிப்பு எழுதும் எழுத்தர் பேனாவை நிறுத்திவிட்டுத் தலைவரைப் பார்த்தார். "எழுதுங்கள், தம்பி. பெருமைக்கு. வல்லின று இல்லை, இடையின ரு" என்றேன். பின் வரிசையில் சிரித்தார்கள்.

"அன்னைக்குப் பெருமைக்காக ஒண்ணு சொன்னீங்க" என்றார் தளவாய். "இன்னைக்கு ரோட்டுக்காக இன்னொண்ணு சொல்றீங்கன்னு நாங்க ஏன் நினைக்கக் கூடாது? ஆதாரம் இருக்கா?"

நியாயமான கேள்வி. நான் அவர் இடத்தில் இருந்தாலும் கேட்டிருப்பேன். பதிவேடு செல்லரித்துப் போய்விட்டது. நகராட்சித் தீர்மானம் எதுவும் கிடையாது. காகிதம் என்று ஒன்றுமே இல்லை.

"காகிதம் இல்லை" என்றேன். "ஆனால் அவர் ஒரு முறை வைத்திருந்தார். அந்தக் காலத்தில் அம்மை குத்துகிறவர்கள் கைச்சதையில், எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் குத்துவார்கள். எனக்குக்கூடப் பாருங்கள், பாளையங்கோட்டையில் குத்தியது, ரவிக்கைக் கைக்குக் கீழே இருக்கிறது. என் மாமனார் பெண் பிள்ளைகளுக்கு அப்படிக் குத்த மாட்டார். தோளுக்கு ஏற்றி, நாளைக்கு ரவிக்கை போட்டால் மறைகிற இடமாகப் பார்த்துக் குத்துவார். 'கல்யாணத்துக்குப் பாக்க வரவன் தழும்பைப் பாக்கக் கூடாது' என்பார். மேலதிகாரி இதற்காக அவருக்கு மெமோ கொடுத்திருக்கிறார், பரிசோதிக்கும்போது தழும்பு தெரியவில்லை என்று. அவர் மாற்றிக்கொள்ளவில்லை. இந்த ஊரில் பிறந்து அறுபத்தைந்து வயதைத் தாண்டிய பெண்களுக்குத் தழும்பு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்."

ஆண்கள் கூரையைப் பார்த்தார்கள். யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

இசக்கியம்மாள் எழுந்தாள். முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"கேக்க வேண்டாம், தலைவரே. நான் தையக்காரி. ஊர்க் கெழவிக அம்புட்டு பேருக்கும் அளவெடுத்திருக்கேன். இந்த ஊர்ல பொறந்தவளுகளுக்குத் தோள்லதான் இருக்கு. கட்டிக்கிட்டு வந்தவளுகளுக்குக் கையில இருக்கு. ஏன் இப்படின்னு நானே பல நாளு நெனச்சிருக்கேன்."

தன் தோளைத் தொட்டுக் காட்டினாள்.

"எங்கம்மாவுக்கும் தோள்லதான். 'வெள்ளக்கோட்டுத் தாத்தா குத்துனது'ம்பா. நான் ஏதோ கோட்டு போட்ட டாக்டருன்னு நெனச்சேன். கோட்டு இல்ல போல. அது பேரு போல."

பிறகு அவள் தன் தீர்மானத்தின் ஐந்தாவது வரியைத் தானே வாபஸ் வாங்கினாள். தளவாய்கூட எதிர்க்கவில்லை, சரித்திரக்காரர், புது விஷயம் கிடைத்த சந்தோஷம். ஆனால் துரை பெயர் மாதிரி பலகையில் இருக்கக் கூடாது என்று இரண்டு பேர் அடம் பிடித்தார்கள். ஆணையர் என்னிடம் கேட்டார். "எப்படி எழுதினா உங்களுக்குச் சம்மதம், மேடம்? நீங்க குறிப்புல வெல்லகாட்னு மட்டும்தான் எழுதணும்னு..."

"அந்தக் குறிப்பைக் கிழித்துப் போடுங்கள்" என்றேன். "அது காப்டன் பெயர். இந்த ஊர் என் மாமனாரைக் கூப்பிட்ட பெயர் வேறு. வெள்ளைக்கோட்டு ஏசடியான் ரோடு. ஏசடியானுக்கு முன்னால் இடைவெளி விட வேண்டும்."

ஒப்புக்கொண்டார்கள். வெளியே வந்தோம். இசக்கி ஆட்டோ வரைக்கும் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "தைரியமான பொம்பளைம்மா நீங்க" என்றாள். கையை விடு, நான் நடப்பேன் என்றேன்.

ஜூன் 25, ஞாயிறு

சர்ச்சில் முன் வரிசை அமைதியாக இருந்தது. முப்பது வருஷமாக என் பக்கத்தில் உட்காரும் மிசஸ் செல்லையா இன்றைக்குத் தூண் பக்கம் போய் உட்கார்ந்தாள். அங்கே மின்விசிறி இல்லை. அவள் இஷ்டம்.

ஜூன் 28, புதன்

ஊரிடம் சொல்லி முடிந்தது. ஆனால் அந்தக் கட்டுரையை நான் ஊருக்காக எழுதவில்லை. யாருக்காக எழுதினேனோ அவர்களில் இன்னும் பதினொரு பேர் உயிரோடு இருக்கிறார்கள். கான்வென்ட்டின் எண்பதாம் ஆண்டு மலர் அடுத்த வருஷம் வருகிறது. பழைய மாணவிகள் சங்கத் தலைவி லூர்து, என்னோடு படித்தவள். போன் போட்டேன்.

முழுதாகக் கேட்டாள். பிறகு பழைய குரலில், ஹாஸ்டலில் பேசுகிற மாதிரி, "ஹெப்ஸி, இதெல்லாம் இப்ப எதுக்குடி? யாரு ஞாபகம் வச்சிருக்கா?" என்றாள்.

"நீ வைத்திருக்கிறாயா?"

"...தொலைநோக்கி ஞாபகம் இருக்கு. எனக்கு அப்பப் பொறாமையா இருந்துச்சு."

"அதற்காகத்தான் எழுதினேன். இப்போது திருத்த வேண்டும்."

"சரி, கடைசிப் பக்கத்துல ரெண்டு வரி போட்ருவோம். திருத்தம்னு."

"லூர்து, பொய்க்கு நாலு பக்கம் கொடுத்தீர்கள். இதற்கும் நாலு பக்கம் வேண்டும். நானே எழுதுகிறேன். என் பெயரில்."

"பிடிவாதம் கொஞ்சமும் கொறையல" என்றாள். மூச்சு விட்டாள். பக்கத்தில் யாரிடமோ ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள். "சரி. நாலு பக்கம். உங்க மாமனார் போட்டோ ஒண்ணு அனுப்பு. நல்லா பெருசாப் போடலாம்."

எங்கள் கல்யாணப் படத்தில் என் வீட்டு ஆட்கள் இருபத்திரண்டு பேர் நிற்கிறார்கள். போட்டோக்காரர் வந்த நேரத்தில் மாமனாரைப் பந்தியைப் பார்த்துக்கொள்ளும்படி உள்ளே அனுப்பியது நான். அந்தக் காக்கிச் சட்டைக்காக. அதற்குப் பிறகும் ஆறு வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். ஒரு படமும் எடுக்கவில்லை.

"போட்டோ இல்லை" என்றேன் லூர்துவிடம். "ஏன் இல்லை என்பதையும் எழுதுகிறேன். அந்த இடத்தைக் காலியாக விட்டு அச்சடி."